கைவிடப்பட்ட கட்சியில் பதினான்கு மாதம்

குமுளியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறேன். வீடு கம்பத்தில். காலை ஏழு மணி பஸ்ஸில் மலை ஏறினால் இறங்கி வர இரவு எட்டு ஆகிவிடும். ஏலம் இல்லாத நாட்களில் மதியம் இரண்டு மணிக்கு மேல் கடையில் வேலை குறைவு. அந்த நேரத்தில்தான் இந்த விளையாட்டு என் கைக்கு வந்தது. போனில் ஆடுகிற விண்வெளிச் சாம்ராஜ்ய விளையாட்டு. நமக்கென்று ஒரு விண்வெளி நிலையம், அதில் சுரங்கம், கப்பல் கட்டும் தளம், ஆராய்ச்சிக் கூடம். கனிமம் தோண்டி, கப்பல் கட்டி, கூட்டணி சேர்ந்து, அடுத்தவர் நிலையத்தை அடிப்பதும் நம்முடையதைக் காப்பதும்தான் ஆட்டம். பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே அச்சில் வார்த்த விளையாட்டுகள் நிறைய இருக்கின்றன, நான் பட்டது பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பொருந்தும். பதினான்கு மாதத்தில் 39,916 ரூபாய் போனது. தூக்கம் எவ்வளவு போனது என்பதற்குக் கணக்கு இல்லை. ஆரம்பத்தில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் பேசியிருந்தால் இதில் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும். அந்தப் பத்து நிமிடப் பேச்சைத்தான் இப்போது எழுதுகிறேன்.

ஆட்டம் தொடங்கி ஒரு வாரத்தில் ஃபேக்‌ஷன் தேர்ந்தெடுக்கச் சொல்லும். நாங்கள் சாட்டில் அதைக் கட்சி என்றே சொல்வோம். மொத்தம் நான்கு கட்சி. ஒவ்வொன்றுக்கும் தனிக் கப்பல்கள், தனித் தளபதிகள், தனிக் கடை. நான் எடுத்தது சுரங்கக்காரர்களின் கட்சி. பெரிய வயிறு வைத்த பழைய சரக்குக் கப்பல், அதன் பக்கவாட்டில் துரு. அந்தப் படம் எனக்குப் பிடித்துப் போனது. தோண்டும் வேகம் இருபது சதவீதம் கூடுதல் என்று போட்டிருந்தது. சண்டைக்காரன் ஆக எனக்கு ஆசை இல்லை, சரக்கு சேர்ப்பவனாக இருக்கலாம் என்று நினைத்தேன். முதல் மூன்று மாதம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஆட்டக்காரர்களைத் தனித்தனி உலகங்களாகப் பிரித்துப் போடுவார்கள், அதற்கு சர்வர் என்று பெயர். என் சர்வரில் கனிம இருப்பில் முதல் முப்பது பேருக்குள் வந்தேன். மாதம் 449 ரூபாய் கார்டு ஒன்று மட்டும் வாங்கினேன். அது ஒரு செலவாகவே தோன்றவில்லை.

குமுளி பஸ் ஸ்டாண்டு பக்கம் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சேட்டா ஒருவர் இதே சர்வரில் வேறு கட்சியில் இருந்தார். அவர்தான் முதலில் சொன்னார். ஒரு நாள் டெம்பர் கிளாஸ் மாற்றப் போனபோது என் போனைத் துடைத்துக்கொண்டே, “அண்ணாச்சி, இந்த அப்டேட்லயும் உங்க ஆளுகளுக்குக் கப்பல் ஒண்ணும் வரலல்லே?” என்று கேட்டார். அடுத்த மாதம் வரும் சேட்டா என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. அன்று இரவு பழைய அப்டேட் குறிப்புகளை எல்லாம் தேடி எடுத்து, கடையில் ரசீது எழுதுகிற மாதிரி நான்கு பத்தி கோடு போட்டு எழுதினேன். கடைசி ஆறு அப்டேட்டில் சேட்டாவின் கட்சிக்கு ஐந்து புதுக் கப்பல். இன்னொரு கட்சிக்கு நான்கு. மூன்றாவதற்கு இரண்டு. எங்களுக்கு ஒரு பெயிண்ட் மாற்றம், ஒரு தளபதியின் படத்துக்குப் புது முகம். அவ்வளவுதான். ஆறாவது மாதத்தில் நான் செய்த இந்தக் கணக்கை முதல் வாரத்திலேயே செய்திருக்கலாம். அந்தக் குறிப்புகள் எல்லாமே பொதுவில்தான் கிடந்தன.

அதனால் கட்சி எடுக்கும் முன் மூன்று விஷயத்தைப் பாருங்கள். முதலாவது, நான் சொன்ன அந்தக் கணக்கு. கட்சியைப் பற்றிய அறிமுக வரிகளை நம்ப வேண்டாம், அவை விளையாட்டு வெளிவந்த அன்று எழுதியவை. அதற்குப் பிறகு அந்தக் கட்சிக்கு என்ன கொடுத்தார்கள் என்று எண்ணுங்கள். அடுத்து, பழைய சர்வரின் தரவரிசை. புதிதாகச் சேருகிறவர்களைப் பெரும்பாலும் புது சர்வரில்தான் போடுவார்கள். அங்கே எல்லாக் கட்சியும் சமமாகத் தெரியும், ஏனென்றால் பெரிய கப்பல்கள் இன்னும் திறந்திருக்காது. இரண்டு வயதான சர்வரில் முதல் ஐம்பது பேர் எந்தக் கட்சி என்று பார்த்தால் உங்களுடைய அடுத்த வருடம் தெரிந்துவிடும். என் கட்சியில் அங்கே இரண்டே பேர்தான் இருந்தார்கள். மூன்றாவது, காசுக்கு விற்கும் பேக்குகள். கம்பெனியின் மனது அங்கேதான் தெரியும். எந்தக் கட்சிக்கு வாராவாரம் பேக் போடுகிறார்களோ அதற்குக் கப்பல் வரப்போகிறது என்று அர்த்தம். எங்கள் கட்சியின் பேக் கடையில் நான்கு மாதமாக ஒரே மூன்று பெட்டி. காசு கேட்காமல் விடுகிறார்களே என்று அப்போது சந்தோஷப்பட்டேன். கேட்பதற்கு ஒன்றும் தயாரிக்கவில்லை என்பதுதான் விஷயம் என்று புரிய நாளானது.

கப்பல் வராவிட்டால் என்ன, இருப்பதை வைத்து ஆடலாமே என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆனால் இந்த வகை ஆட்டத்தில் எதுவும் நின்ற இடத்தில் நிற்காது. மற்றவர்களின் நான்காம் நிலைக் கப்பலுக்குத் தாக்கும் தூரம் அதிகம். என் மூன்றாம் நிலைக் கப்பல் குறிவைக்கும் தூரத்துக்கு வருவதற்குள் இரண்டு சுற்று அடி விழுந்துவிடும். அதைவிட வலித்தது சுரங்க விஷயம். புதிதாக ஒரு கனிமம் கொண்டு வந்தார்கள், மேல்நிலை ஆராய்ச்சிக்கு எல்லாம் அதுதான் வேண்டும். எங்கள் கட்சியின் இருபது சதவீதம் அந்தக் கனிமத்துக்கு மட்டும் வேலை செய்யவில்லை. ஒரே மாதிரிக் கப்பலை ஒரே இடத்தில் நிறுத்தி, நானும் சேட்டாவும் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பேருக்கும் ஒரே எடைதான் வந்தது. புகார் அனுப்பினேன். உங்கள் கருத்தைக் குழுவுக்குத் தெரிவித்துவிட்டோம் என்று பதில் வந்தது. மறுபடி அனுப்பினேன், அதே பதில். எட்டு மாதத்தில் ஏழு புகார் அனுப்பினேன். ஐந்தாவது தடவைதான் சரியாக எழுதக் கற்றுக்கொண்டேன்: ஆட்டக்காரர் எண், சர்வர் எண், சம்பவம் நடந்த நேரம் கிரீன்விச் கணக்கில், முப்பது வினாடி ஸ்க்ரீன் ரெக்கார்டிங். அப்படி அனுப்பியதற்கு மட்டும் ஓர் ஆள் படித்துப் பதில் எழுதினார். இது பிழைதான், ஆனால் சரிசெய்யும் தேதி சொல்ல இயலாது என்று இருந்தது. அந்த ஒரு வரி கிடைத்ததே பெரிய நிம்மதியாக இருந்தது. அதுவரை எனக்குத்தான் ஏதோ புரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேரத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். சர்வரின் நாள் கிரீன்விச் கணக்கில் நள்ளிரவு மாறும். நமக்கு அது காலை ஐந்தரை. ஐரோப்பாவில் வேலை முடிந்து சாப்பிட்டு ஏழு மணிக்கு ஆட உட்கார்ந்தால், குளிர்காலத்தில் நமக்கு இரவு பதினொன்றரை ஆகியிருக்கும். போர்கள் எல்லாம் அந்த நேரத்தில்தான். என் அலையன்ஸில், அதாவது கூட்டணியில், எங்கள் கட்சிக்காரர்கள் ஒவ்வொருவராக விலகிப்போக, மிச்சம் இருந்த பன்னிரண்டு பேரில் இந்திய நேரத்தில் விழித்திருந்தது நான் ஒருவன்தான். இரவு பதினொன்றரைக்கும் இருக்க வேண்டும், காலை ஐந்தரைக்கும் எழுந்து தினசரிப் பெட்டிகளை எடுக்க வேண்டும். வலுவான கட்சியில் இருந்தால் ஒரு நாள் தூங்கிவிட்டாலும் கூட்டாளிகள் பார்த்துக்கொள்வார்கள். ஆதரவில்லாத கட்சியில் எல்லாவற்றையும் தூக்கத்தைக் கொடுத்துத்தான் ஈடுகட்ட வேண்டும். போனில் பார்த்தால் அந்த ஒரு ஆப்புக்கு மட்டும் தினமும் நான்கு மணி நேரத்துக்கு மேல். கடையில் ஒரு முறை 42 கிலோவை 24 என்று எழுதிவிட்டேன். முதலாளி கண்டுபிடித்தார். திட்டவில்லை, உடம்பு சரியில்லையா தம்பி என்றுதான் கேட்டார்.

அப்புறம் அந்தக் கார்த்திகை மாதம். சபரிமலை சீசனில் குமுளி ரோடு எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யாரும் அடிக்க முடியாதபடி என் நிலையத்தைக் காக்கும் ஷீல்டு மாலை 6.40க்கு முடியும். பஸ்ஸில் உட்கார்ந்ததும் புதுப்பித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். ஆறேகாலுக்கு வண்டி கிளம்பியது. செக்போஸ்ட் தாண்டி இரண்டாவது வளைவிலேயே நின்றுவிட்டது. மேலே ஏறும் வேன்களும் கீழே இறங்கும் லாரிகளும் முகத்தோடு முகம். போனில் கேரளா டவர் ஒரு கோடு காட்டியது, பிறகு அதுவும் இல்லை. நான் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தேன். முன் சீட்டில், ஏலத் தோட்டத்தில் வேலை முடித்து வந்த அம்மா ஒருவர் தூக்குவாளியை மடியில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். 6.40 ஆனது. ஏழு ஆனது. வண்டி லோயர் கேம்ப்பை அடைந்து, மலைச் சரிவில் அந்தப் பெரிய தண்ணீர்க் குழாய்கள் தெரிகிற இடத்துக்கு வந்தபோது மணி 7.50. போன் நடுங்க ஆரம்பித்தது. ஒன்றன் மேல் ஒன்றாக 23 தாக்குதல் அறிக்கைகள். ஏழு பேர் மாறி மாறி வந்திருக்கிறார்கள். துறையில் நின்ற ஆறு பெரிய கப்பலும் உடைந்தாயிற்று. மூன்று மாதம் சேர்த்த கனிமத்தில் பாதுகாப்பு அறைக்குள் அடங்கியது மட்டும் மிச்சம். எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. பஸ்ஸில் அழக் கூடாது என்று குழாய்களையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

இந்த இடத்தில் இரண்டு விஷயம். ஷீல்டு முடியும் நேரத்தை உங்கள் அன்றாடத்தோடு பொருத்திப் பாருங்கள். மலைப் பாதை, ரயில், மின்வெட்டு, தியேட்டர், எதுவானாலும் சிக்னல் போகக்கூடிய நேரத்தில் அது முடியக் கூடாது. எட்டு மணி நேர ஷீல்டு மூன்றைவிட, நிம்மதியாக வீட்டில் இருக்கும் நேரத்தில் போட்ட 24 மணி நேர ஷீல்டு ஒன்று மேல். இன்னொன்று, கனிமத்தைக் கொட்டி வைக்காதீர்கள். பரிசாக வரும் கனிமம் மூட்டை மூட்டையாகப் பைக்குள் இருக்கும். அதைத் திறக்காதவரை யாரும் கொள்ளையடிக்க முடியாது. திறந்து இருப்பில் சேர்த்த பிறகுதான் அது அடுத்தவன் கைக்கும் எட்டும். எண்ணிக்கை பெரிதாகத் தெரிய வேண்டும் என்று எல்லாவற்றையும் திறந்து வைத்திருந்தேன். கட்டப்போகிற நிமிடத்தில் தேவையான மூட்டையை மட்டும் அவிழுங்கள்.

அன்று இரவு 8,900 ரூபாய்க்கு ஒரு பேக் வாங்கினேன். நான்கு நாள் கழித்து மறுபடி அதே பேக். அதற்கு முன்பே 1,799 ரூபாய்ப் பெட்டிகள் ஏழு, 899 ரூபாயில் ஐந்து என்று போயிருந்தது. எல்லாம் ஒரே எண்ணத்தில்தான்: கம்பெனி கொடுக்காததைக் காசு கொடுத்து நிரப்பிவிடலாம். அது ஏன் நடக்காது என்பதைப் பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். காசுக்கு விற்கும் அதிர்ஷ்டப் பெட்டிகளுக்கு எது எத்தனை சதவீதம் கிடைக்கும் என்று காட்ட வேண்டும் என்பது கூகுள் பிளே விதி. அந்தச் சின்ன எழுத்தை அழுத்திப் பார்த்தேன். எனக்கு வேண்டிய கப்பல் பாகம் 1.5 சதவீதம். அப்படியானால் நாற்பது பெட்டி திறந்தாலும் ஒரு பாகமாவது கிடைக்கும் வாய்ப்பு 45 சதவீதம்தான், பாதிகூட இல்லை. இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு அப்டேட்டிலும் மற்ற கட்சிகளின் புதுப் பாகங்களை அதே பெட்டிக்குள் போடுகிறார்கள். எங்களுக்குப் புதிதாக ஒன்றும் வருவதில்லை, ஆனால் எங்கள் பழைய பாகத்தின் பங்கு மட்டும் தேய்ந்துகொண்டே போகிறது. ஆரம்பத்தில் அது மூன்று சதவீதம் இருந்தது என்று சேட்டா வைத்திருந்த பழைய ஸ்க்ரீன்ஷாட்டில் தெரிந்தது. அதே காசுக்குப் பாதி வாய்ப்பு.

ஏலக்காய்க் கடையில் இருந்துகொண்டு இதைச் செய்தேன் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. 2019 ஆகஸ்டில் காய் கிலோ 7,000 ரூபாய் வரை ஏலம் போனது. மூன்று வருடத்துக்குள் ஆயிரத்துக்கும் கீழே வந்தது. இறங்கும்போது, விலை குறைந்துவிட்டது என்று இன்னும் கொஞ்சம் வாங்கிச் சராசரி பண்ணியவர்கள் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்தவன் நான். எங்கள் முதலாளி அப்போது ஒன்று செய்தார். தினமும் காலையில், நேற்று வரை போட்ட பணத்தை நோட்டில் மூடிவிட்டு, இன்று கையில் ஒன்றுமே இல்லை என்றால் இந்த விலைக்கு இந்தச் சரக்கை வாங்குவேனா என்று கேட்டுக்கொள்வார். வாங்க மாட்டேன் என்று தோன்றினால் அன்று விற்றுவிடுவார். அந்தக் கேள்வியை என் கட்சியைப் பற்றி ஆறாவது மாதத்தில் கேட்டிருக்க வேண்டும்.

வீட்டில் தெரிந்தது பேங்க் மெசேஜ் மூலம். மனைவிதான் அதைப் பார்த்தாள். இரண்டாவது 8,900 போன அன்று அடுப்படியிலிருந்து வந்து, “என்னங்க, எவ்வளவுன்னு மட்டும் சொல்லுங்க” என்றாள். யாருக்கு, எதற்கு என்று கேட்கவில்லை. கூகுள் பிளேயில் வாங்கிய பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாகப் படித்தேன், அவள் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கூட்டினாள். 39,916. இரண்டு மாதச் சீட்டு கட்டாமல் விட்டது இதில்தான். அந்தக் கப்பல்களை விற்றால் எவ்வளவு வரும் என்று கேட்டாள். விற்க முடியாது என்றேன். கணக்கை விற்பது விதிமீறல் என்று ஒப்புக்கொண்டுதான் உள்ளே வந்திருக்கிறோம். வாங்குகிறேன் என்று சாட்டில் வருகிறவர்களில் பாதிப் பேர் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு காணாமல் போகிறவர்கள். அவள் தாளை மடித்து அரிசி டப்பாவுக்குக் கீழே வைத்தாள். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

பணத்துக்கு நான் செய்தது இவை. பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் பாஸ்வேர்டோ கைரேகையோ கேட்கும்படி மாற்றினேன். அதிலேயே மாத பட்ஜெட் வைக்கும் இடம் இருக்கிறது. அது வாங்குவதைத் தடுக்காது, எச்சரிக்கும், ஆனாலும் வையுங்கள். அங்கே சேமித்திருந்த யூபிஐ ஐடியை எடுத்துவிட்டேன். வாங்குவதற்கு நடுவில் இரண்டு நிமிடம் தாமதம் வந்தாலே பாதி ஆசை அடங்கிவிடுகிறது. வாங்கி 48 மணி நேரத்துக்குள் இருந்தால் கூகுள் பிளேயிலேயே பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், சூழ்நிலையைப் பார்த்துத் தருவார்கள். அதைத் தாண்டினால் விளையாட்டுக் கம்பெனியிடம்தான் கேட்க வேண்டும். இது எனக்குத் தெரிந்தது ஐந்தாவது நாள். கம்பெனிக்கு எழுதினேன், தரவில்லை.

அதற்குப் பிறகு மூன்று மாதம் காசில்லாமல் ஆடினேன். உண்மையைச் சொன்னால் அந்த மூன்று மாதம்தான் நன்றாக ஆடினேன். ஏற்கெனவே இப்படி ஒரு கட்சியில் மாட்டியிருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். கட்சிக் கப்பலில் ஒரு கனிமத் துண்டுகூடப் போடுவதை நிறுத்தினேன். எந்தக் கட்சிக்கும் பொதுவான ஆராய்ச்சிகள் உண்டு: சேமிப்பு அறை, கட்டும் வேகம், பயண வேகம், பாதுகாப்பு அறை. எல்லாவற்றையும் அங்கே கொடுத்தேன். கட்சி மாறலாமா என்று கணக்குப் பார்த்தேன். கட்சிக்குள் சேர்த்திருந்த மதிப்புப் புள்ளி சுழியத்துக்கும் கீழே போய், திரும்ப ஏற ஐந்து மாதம் ஆகும் என்று வந்தது, விட்டுவிட்டேன். முதல் மாதத்தில் இருப்பவர்கள் தயங்காமல் மாறுங்கள், அப்போது இழப்பு மிகக் குறைவு. என் பழைய அலையன்ஸை விட்டு சேட்டாவின் அலையன்ஸில் சேர்ந்தேன். என் கட்சியைக் கேட்டதும் இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். நான் சண்டைக்கு வரவில்லை, வாரம் இவ்வளவு கனிமம் தருகிறேன், என் நிலையத்தை உங்கள் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். எடுத்துக்கொண்டார்கள். வலுவில்லாத கட்சிக்காரன் பேரம் பேச அவனிடம் இருக்கும் ஒரே சரக்கு நம்பிக்கைதான். சொன்ன எடையைச் சொன்ன நாளில் கொடுத்தால் அடுத்த வாரம் உங்களை அடிக்க வருகிறவனை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். என்னை அடித்த ஏழு பேரில் மூன்று பேருக்குத் தனியாகச் செய்தி அனுப்பினேன். ஒருவர் துருக்கிக்காரர், மொழிபெயர்ப்பு பட்டன் வழியாகத்தான் பேசினோம். இனி என் பக்கம் வருவதில்லை என்று சொன்னார், கடைசி வரை வரவும் இல்லை. இதை ஆறு மாதம் முன்னால் செய்திருக்கலாம். கோபத்தில் பேசாமலே இருந்துவிட்டேன்.

பதினான்காவது மாதம் இன்னொரு அப்டேட் வந்தது. குறிப்பைத் திறந்து எங்கள் கட்சியின் பெயரைத் தேடினேன். ஒரு இடத்திலும் இல்லை. அன்று முடிவெடுத்தேன். இருந்த கனிமத்தை எல்லாம் சேட்டாவுக்கு அனுப்பினேன். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் அனுப்பலாம் என்று வரம்பு இருந்ததால் ஒன்பது நாள் பிடித்தது. கடைசி லோடு போய்ச் சேர்ந்த அன்று மாலை அவர் கடை வழியாகத்தான் பஸ் ஏறப் போனேன். ஒரு கட்டன் சாயா வாங்கிக் கொடுத்தார். ஆட்டத்தைப் பற்றி இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து ஆப்பைப் போனிலிருந்து எடுத்துவிட்டேன். துரு பிடித்த அந்தச் சரக்குக் கப்பலின் படத்தை மட்டும் ஸ்க்ரீன்ஷாட்டாக வைத்திருக்கிறேன், அதை அழிக்க மனது வரவில்லை.

சீட்டு இந்த மாதத்தோடு பாக்கி இல்லை. காலை ஐந்தரைக்கு இன்னும் தானாக விழிப்பு வருகிறது. எழுந்து பால் வாங்கப் போகிறேன்.